125 சிசியிலிருந்து நேராக 600-க்கா, நடுவில் ஒரு 400-ஆ?

125 சிசி பைக்கில் இருப்பது ஏறத்தாழ 11 குதிரைத்திறன். கவாசாகி நிஞ்சா 400-இல் சுமார் 45. யமஹா ஆர்6 போன்ற 600 சிசி சூப்பர்ஸ்போர்ட்டில் (பந்தய பாணி பைக்) 115-ஐத் தாண்டும். முதல் கியரிலேயே மணிக்கு 100 கிலோமீட்டரைக் கடந்துவிடும்.

ஆனால் சிக்கல் வேகத்தில் இல்லை, மணிக்கட்டில். சின்ன பைக் பள்ளத்தில் குலுங்கும்போது ஆக்சிலரேட்டர் கொஞ்சம் கூடுதலாகத் திரும்பினால் ஒன்றும் ஆகாது. 600-இல், இன்ஜின் உயர் சுற்றில் இருக்கும்போது, அதே திருகலுக்கு வண்டி பாய்ந்துவிடும். முன்பிரேக்கும் அப்படித்தான்: பதற்றத்தில் லீவரைச் சட்டென்று இறுக்கினால், ஏபிஎஸ் (சக்கரம் பூட்டாமல் தடுக்கும் பிரேக் அமைப்பு) இல்லாத வண்டியில் முன்சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்ளும். 400-இலும் பூட்டலாம்தான், ஆனால் அது பொதுவாகக் கொஞ்சம் பொறுத்துப்போகும். வளைவு முடிந்ததும் ஆக்சிலரேட்டரை நன்றாக முறுக்கிப் பழகவும் முடியும்.

நேராக 600 வாங்கினால் விற்று வாங்கும் அலைச்சல் மிச்சம். அது நியாயம்தான். ஆனால் அதில் நெரிசலில் இன்ஜின் சூட்டில் தொடை வேகும், குனிந்து ஓட்டுவதால் கைகளில் உடல் பாரம் இறங்கும். அதையும் கணக்கில் சேருங்கள்.

என் ஓட்டு 400-க்கு, அதுவும் பழைய வண்டிக்கு (கீழே போட்டாலும் வயிறு அவ்வளவாக எரியாது). இல்லை, 600தான் என்றால், ஏபிஎஸ், ட்ராக்‌ஷன் கண்ட்ரோல் (பின்சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுப்பது) இரண்டும் உள்ள மாடலாகப் பாருங்கள்.