எஞ்சினைக் கழுவுவதா, துடைப்பதா: மலையகக் குளிரில் ஓர் ஒப்பீடு

தலவாக்கலைக்கும் நுவரெலியாவுக்கும் இடையே நாள்தோறும் ஏறி இறங்கும் எங்கள் 1,000 சீசீ விட்ஸ் காரின் பொனட்டுக்குள் செம்மண்ணும் சவுக்குச் சருகும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து படிகின்றன. அவற்றை நீக்க இங்கு மூன்று வழிகள் வழக்கத்தில் உள்ளன. சேர்விஸ் நிலையத்தில் விட்டு அழுத்த நீரால் அடித்துக் கழுவலாம். பழைய முறைப்படி மண்ணெண்ணெய் தெளித்துத் தேய்த்து நீரூற்றலாம். அல்லது வீட்டிலேயே டிகிரீசர் (எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கும் திரவம்), தூரிகை, ஈரத்துணி ஆகியவற்றைக் கொண்டு கையால் துடைத்தெடுக்கலாம். முதலாவதைச் செய்து அல்லற்பட்டு, கடந்த இரண்டு ஆண்டுகளாக மூன்றாவதையே செய்து வருகிறேன். ஆகவே இந்த ஒப்பீட்டில் என் சாய்வு எப்பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அழுத்த நீரின் நன்மையை மறுப்பதற்கில்லை. அரை மணி நேரத்தில் வேலை முடிகிறது, கை புகாத இடுக்குகளில் இறுகிய மண்ணும் கழன்று போகிறது. ஆனால் வீட்டுக் குழாய் நீரின் அழுத்தம் சில பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அளவே இருக்க, சிறிய பிரஷர் வொஷர்கூட 100 பார் அழுத்தத்தில் நீரைத் தள்ளுகிறது. வயர் சொக்கட்டுகளில் உள்ள ரப்பர் வளையங்கள் வீதியிலிருந்து தெறிக்கும் நீரைத் தடுப்பதற்காக அமைக்கப்பட்டவை. ஒரு முழத் தூரத்திலிருந்து பாயும் அத்தகைய நீர்க்கற்றையை அவை தாங்கும் என்று நம்பியிருக்க முடியாது.

நான் நம்பியிருந்தேன். ஒரு ஜூலை மாத மாலையில் காரைக் கழுவி எடுத்து வந்தபோது எந்தக் குறையும் தெரியவில்லை. மறுநாள் காலை, நானுஓயாவைத் தாண்டிய ஏற்றத்தில், கார் இழுவையின்றி உதறத் தொடங்கியது. செக் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு மின்னியது. கராஜில் ஸ்கேன் செய்தபோது பி0302 என்ற குறி வந்தது. இரண்டாவது சிலிண்டரில் எரிபொருள் சரியாகப் பற்றவில்லை என்பது அதன் பொருள். அந்தச் சிலிண்டரின் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் கொயிலை உருவி எடுத்தபோது அதன் ரப்பர் உறை நுனியிலிருந்து நீர் சொட்டியது. டோர்ச் அடித்துப் பார்த்தால் பிளக் இறங்கியிருக்கும் குழியின் அடியில் ஒரு தேக்கரண்டியளவு கலங்கல் நீர். பிளக்கின் விளிம்பில் அதற்குள்ளாகவே துரு அரும்பியிருந்தது. பிளக்கின் முனையில் தாவவேண்டிய பொறி, நீரின் வழியே குழிச் சுவருக்கு ஓடிவிடுகிறது. எரியாத பெற்றோல், புகையைச் சுத்திகரிக்கும் கெட்டலிட்டிக் கொன்வேர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்து அதனைச் சூடேற்றிக் கெடுக்கும் என்பதால், அவ்விளக்கு மின்னும்போது தொடர்ந்து ஓட்டுவது கூடாது.

"அண்ணே, இந்தக் குளிருல உள்ள போன தண்ணி தானா காயாது" என்று கராஜ் பாஸ் அன்று சொன்னதில்தான் எனது தெரிவு முழுவதும் தங்கியிருக்கிறது. வெப்பநிலை 30 பாகையைத் தொடும் கொழும்பில் பொனட்டைத் திறந்து ஒரு பிற்பகல் வெயிலில் விட்டால் பெரும்பாலான ஈரம் போய்விடும். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில், ஆண்டுச் சராசரி 16 பாகை அளவிலே நிற்கும் நுவரெலியாவில், அதுவும் மூடுபனி இறங்கிய நாளில், ஏற்கனவே ஈரம் நிறைந்த காற்று மேலும் ஈரத்தை வாங்கிக்கொள்வதில்லை. எஞ்சினை ஓடவிட்டால் அந்தச் சூட்டில் காய்ந்துவிடுமே என்று பலரும் சொல்வார்கள். எஞ்சினின் மேற்பரப்பு காய்வது உண்மைதான். ஆனால் ஓரத்தில் இருக்கும் பியூஸ் பெட்டிக்கும் முன்பக்கச் சொக்கட்டுகளுக்கும் அந்தச் சூடு போதியளவு எட்டுவதில்லை. பிளக் குழியின் நிலை இன்னும் மோசமானது. கொயிலின் ரப்பர் அதன் வாயை அடைத்திருப்பதால், சூட்டில் எழும் ஆவி வெளியேற வழியின்றி, இரவில் எஞ்சின் குளிர்ந்ததும் மீண்டும் நீராகி அங்கேயே இறங்கிவிடுகிறது. சொக்கட்டுக்குள் சிக்கிய நீர் உடனே தொல்லை தராமல், பல வாரங்களுக்குப் பின் செம்பு முனைகளில் பச்சை பூத்த பிறகே தன்னைக் காட்டும்; அப்போது அதற்குக் காரணம் அந்தக் கழுவல்தான் என்று எவருக்கும் தோன்றாது. கொயில்களைக் கழற்றி, குழிகளையும் சொக்கட்டுகளையும் கொம்பிரசர் காற்றால் உங்கள் கண்முன்னே ஊதிக் காயவைத்துத் தரும் இடம் கிடைத்தால் இந்தக் குறை பெருமளவு நீங்கும் என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும்.

மண்ணெண்ணெயைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அப்பா தமது பழைய நிசான் சன்னியை அப்படித்தான் சுத்தம் செய்தார். பிசுக்கு நன்றாகவே கரைந்தது. ஆனால் அது தீப்பற்றும் பொருள், ரேடியேட்டர் ஹோஸ் போன்ற ரப்பர் பாகங்களை ஊதிப் பெருக்கச் செய்வது, மெல்லிய எண்ணெய்ப் படலத்தை விட்டுச்சென்று அடுத்த வாரமே புழுதியை ஒட்டவைப்பது. இன்றைய கார்களுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கையால் துடைப்பதற்கு எனக்கு ஒரு காலைப்பொழுது தேவைப்படுகிறது. கையை வைத்துப் பார்த்துச் சூடு முழுவதும் ஆறிய பின்னரே தொடங்குவேன், சூடான உலோகத்தில் டிகிரீசர் உடனே காய்ந்து கறையாகிவிடும். 10 மில்லிமீற்றர் ஸ்பேனரால் பற்றரியின் நெகடிவ் முனையைக் கழற்றி ஒதுக்கிவிட்டு, அல்டர்னேட்டரையும் பியூஸ் பெட்டியையும் காற்று உறிஞ்சும் வாயையும் பொலித்தீன் பையால் மூடுவேன். எத்தனை பைகள் கட்டினேன் என்பதை எண்ணி வைத்துக்கொள்வது அவசியம். ஒன்றை மறந்து எஞ்சினை இயக்கினால் பெல்ட் அதை இழுத்துக்கொள்ளும். முதலில் காய்ந்த தூரிகையால் சருகையும் புழுதியையும் தட்டியெடுக்க வேண்டும். பின்னர் நீரில் கரையும் டிகிரீசரைப் போத்தலில் குறிப்பிட்டபடி கலந்து, எஞ்சின்மீது தெளிக்காமல் தூரிகையிலும் துணியிலும் நனைத்துத் தேய்க்க வேண்டும். கோஸ்டிக் சோடா கலந்தவற்றை வாங்கவே கூடாது, அவை அலுமினியத்தைக் கருக்கச் செய்யும். இறுதியாக நன்கு பிழிந்த ஈரத்துணியால் இரண்டு தடவை, காய்ந்த துணியால் ஒரு தடவை. மொத்தத்தில் அரை வாளி நீர்கூடச் செலவாவதில்லை; மேல் கொத்மலை நீர்த்தேக்கத்துக்கு இறங்கும் ஓடைகளுக்குப் பக்கத்தில் வாழும் எங்களுக்கு இது சிறிய விடயமன்று.

துணியோடு விரல் போகும்போது கண்ணும் போகிறது. சென்ற முறை எஞ்சினின் மேல்மூடியான டெப்பட் கவரின் பின்விளிம்பில் மட்டும் துணி மீண்டும் மீண்டும் கறுத்து வந்ததால் அதன் அடியிலுள்ள பெக்கிங் வழியே எண்ணெய் கசிவதைக் கண்டுபிடித்தேன். பற்றரித் தட்டின் கீழே எலி கொண்டுவந்து சேர்த்த புல்லையும், தோல் கடிக்கப்பட்ட ஒரு வயரையும் கண்டேன். அழுத்த நீர் அந்தப் புல்லை அடித்துச் சென்றிருக்கும், வயரைக் காட்டியிருக்காது.

எம்முறையாயினும் ஏற்ற நாளைத் தெரிவுசெய்வது முக்கியம். தென்மேல் பருவமழை கொட்டும் மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியாப் பக்கத்தார் இதைத் தள்ளிப்போடுவது நல்லது. அதே ஜூலையில் மலைக்கு அப்பால் பண்டாரவளையில் வெயிலும் காற்றுமாக இருக்கும், அங்குள்ளவர்கள் தாராளமாகச் செய்யலாம். எங்களுக்குப் பெப்ரவரியும் மார்ச்சும் ஏற்றவை.

கைமுறையின் குறையையும் சொல்லவேண்டும். எஞ்சினின் அடிப்பகுதிக்கு அது எட்டாது. ஆண்டுக்கணக்கில் எண்ணெயும் மண்ணும் இறுகிய பழைய டீசல் ஜீப்பில் அது போதுமா என்பதை நான் செய்து பார்த்ததில்லை. ஹைபிரிட் கார்களில் செம்மஞ்சள் நிற வயர்கள் உயர் மின்னழுத்தம் கொண்டவை என்பதால், அவற்றைத் தொடும் வேலையை அத்துறை தெரிந்தவரிடமே விடவேண்டும். எங்கள் காரின் அடிப்பகுதிக்காக மட்டும் ஆண்டுக்கொரு தடவை, மார்ச் மாதத்தில், சேர்விஸ் நிலையத்துக்குப் போகிறேன். பொனட்டைத் திறக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டு, கழுவி முடியும்வரை பக்கத்திலேயே நிற்கிறேன்.