வேவர்லி பேடில் ஸ்டீமரின் "ஒரிஜினல் பிளான்" வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் உஷார்

மாடல் கப்பல் கட்டும் நண்பர்கள் யாராவது வேவர்லியின் (பக்கச் சக்கரங்களை நீராவியால் சுற்றி ஓடும் பழைய பிரிட்டிஷ் பயணிகள் கப்பல்) வரைபடம் தேடிக்கொண்டிருந்தால் காசு கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். "1947 ஒரிஜினல் பில்டர்ஸ் பிளான், 1:96 அளவு, முழு செட்" (அதாவது கப்பலைக் கட்டியவர்களே போட்ட வரைபடம், நிஜக் கப்பலில் 96ல் ஒரு பங்கு அளவில்) என்று விளம்பரம் போட்டு பி.டி.எஃப். விற்கும் ஒரு ஆன்லைன் ஆசாமியிடம் வாங்கினேன். பணமும் போச்சு, வந்த தாள்களில் ஒன்றை வைத்தும் ஒரு பலகைகூட அறுக்க முடியாது. கடையின் பெயரைப் போடவில்லை. போட்டாலும் பிரயோஜனம் இல்லை, நாளைக்கே வேறு பெயரில் கடை விரிப்பார்கள். சரக்கை எப்படி அடையாளம் காண்பது என்று சொல்கிறேன், அதுதான் உதவும்.

புதியவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. வேவர்லி, கிளாஸ்கோவில் ஏ அண்ட் ஜே இங்லிஸ் கப்பல் கட்டும் தளத்தில் கட்டி 1946 அக்டோபரில் நீரில் இறக்கிய கப்பல், 1947ல் ஓட ஆரம்பித்தது. 1974ல் பேடில் ஸ்டீமர் பாதுகாப்புச் சங்கத்துக்கு ஒரே ஒரு பவுண்டுக்குக் கைமாறியது. கடலில் பயணிகளை ஏற்றிப்போகும் பேடில் ஸ்டீமர்களில் இன்னும் மிச்சமிருப்பது இதுதான், அதனாலேயே மாடல் கட்டுபவர்களிடம் இதன் பிளானுக்கு அவ்வளவு கிராக்கி. இதே பெயரில், இதே தளத்தில் 1899ல் கட்டிய இன்னொரு வேவர்லியும் உண்டு, அது 1940ல் டன்கர்க்கில் குண்டு பட்டு மூழ்கிவிட்டது. பழையதற்கு ஒரு புகைபோக்கி, இப்போதிருப்பதற்கு இரண்டு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபைல் வந்ததும் பிளாட்டர் இருக்கும் கடையில் கொடுத்து, "ஃபிட் டு பேஜ் போடாதீங்க அண்ணா, நூறு சதவீதம் அப்படியே எடுங்க" என்று சொல்லிப் பெரிய தாளில் பிரிண்ட் எடுத்தேன். கப்பல் நீளம் ஏறக்குறைய 240 அடி, அப்படியென்றால் 1:96ல் 76 சென்டிமீட்டர் வர வேண்டும். ஸ்கேலை வைத்துப் பார்த்தால் சரியாக வந்தது. அட, பரவாயில்லையே என்று கீழே வந்தால், பேடில் பாக்ஸுக்குள் (பக்கச் சக்கரத்தை மூடியிருக்கும் கூடு) புள்ளிக்கோட்டில் சக்கரம் வரைந்திருந்தது. அதன் மேல் கவராயத்தை வைத்துச் சுற்றினேன். பென்சில் கோடு இரண்டு பக்கமும் சக்கரத்தின் மேலேயே போகிறது, மேலும் கீழும் போகும்போது சக்கரத்துக்கு உள்ளே விழுகிறது. குறுக்கே ஐந்தரை சென்டிமீட்டர், உயரத்தில் ஆறுக்கு மேல். சக்கரம் நிறுத்தி வைத்த முட்டை மாதிரி இருக்கிறது.

ஏன் இப்படி ஆகும் என்றால், எங்கிருந்தோ எடுத்த சின்னப் படத்தைக் கம்ப்யூட்டரில் இழுத்து, நீளத்தை மட்டும் 76க்குப் பொருத்திவிட்டு உயரத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கிறார்கள். சக்கரம் முட்டையாக இருந்தால் புகைபோக்கி, தளங்களின் உயரம், பாய்மரக்கம்பம் எல்லாமே அதே விகிதத்தில் தப்பு. படத்தின் கீழே இருந்திருக்க வேண்டிய அளவுகோல் கோடும் வெட்டப்பட்டிருந்தது. தற்செயலாக வெட்டுப்பட்டது என்று நான் நம்பவில்லை, அது இருந்தால்தான் யாரும் அளந்து பார்த்துவிடுவார்களே.

அடுத்த தாள் மேல்தளத்தின் படம். பக்கவாட்டுப் படத்தில் இரண்டு புகைபோக்கி சாய்ந்து நிற்கின்றன. மேல்தளத்தில் ஒரே ஒரு வட்டம்! இரண்டாவது புகைபோக்கி தளத்தைத் துளைக்காமல் எங்கிருந்து முளைக்கிறதாம்? 1899 கப்பலின் தளத்தை எடுத்து 1947 கப்பலின் பக்கவாட்டோடு ஒரே ஃபைலில் ஒட்டியிருக்கிறார்கள் என்பதுதான் என் கணிப்பு. உடல் வெட்டுப் படம் (கப்பலைக் குறுக்கே வெட்டினால் தெரியும் வடிவம்) அதைவிட மோசம். வேவர்லியின் உடல் அகலம் சுமார் 30 அடி (பேடில் பாக்ஸையும் சேர்த்தால் 57 அடி), ஆகவே நடுவெட்டு 1:96ல் ஒன்பதரை சென்டிமீட்டர் வர வேண்டும், இதில் எட்டைச் சற்றே தாண்டுகிறது. வெட்டுகளுக்கு எண் கிடையாது, எந்த வெட்டு கப்பலின் எந்த இடத்தில் வருகிறது என்று காட்டும் கோடும் கிடையாது. எண் இல்லாத வெட்டை வைத்துக்கொண்டு எந்தக் குறுக்குச் சட்டத்தை எங்கே நிறுத்துவது?

சக்கரத்தைத் தனியாகக் காட்டும் தாளைப் பார்த்ததும் சிரிப்புதான் வந்தது. துடுப்புப் பலகைகளை ஆரக்கால்களில் அசையாமல் ஆணியடித்தது போல வரைந்திருந்தார்கள். அது மிசிசிப்பி ஆற்றுப் படகின் பின்சக்கரத்துக்குச் சரி. வேவர்லியின் பலகைகள் அப்படி இல்லை. சக்கர மையத்திலிருந்து விலகிய இன்னொரு மையம் இருக்கிறது, அதிலிருந்து கிளம்பும் கம்பிகள் ஒவ்வொரு பலகையையும் திருப்பிக்கொண்டே வரும், அதனால் பலகை தண்ணீருக்குள் நுழையும்போதும் வெளியே வரும்போதும் ஏறக்குறைய நிமிர்ந்தே இருக்கும், தண்ணீரை அறைவதில்லை, வாரித் தூக்குவதும் இல்லை. இந்த மாடலில் கட்டுவதற்கு ருசியான இடமே அதுதான். அந்தக் கம்பி அமைப்புக்காகத்தான் நான் பிளானே தேடினேன், அது ஒரு கோடுகூட இல்லை. (சொல்ல வந்த விஷயம் இல்லைதான், இருந்தாலும்: இரண்டு சக்கரத்துக்கும் தனித்தனி மோட்டார் வைத்து ஓட்டும் மாடல்களைப் பார்க்கிறேன். நிஜக் கப்பலில் இரண்டும் ஒரே தண்டில்தான் இருக்கின்றன, ஒன்றை முன்னால் ஒன்றைப் பின்னால் சுற்ற முடியாது.)

விற்றவருக்குப் படங்களோடு எழுதினேன். "பழைய டிராயிங், அந்தக் காலத்தில் அப்படித்தான் வரைவார்கள்" என்று பதில். கப்பல் தளத்தில் டிராயிங் போர்டில் உட்கார்ந்து வரைந்தவருக்கு வட்டம் போடத் தெரியாதாம்! விடாமல் கேட்டதும், டவுன்லோட் செய்த பொருளுக்கு ரீஃபண்ட் கிடையாது என்றார். பணம் கட்டிய ஆப்பில் புகார் கொடுத்தால், ஃபைல் டெலிவரி ஆகிவிட்டது என்று சொல்லி மூடிவிட்டார்கள். நான் ஒற்றை நட்சத்திர விமர்சனம் போட்ட பிறகு தானாக ஒரு மெசேஜ் வந்தது: விமர்சனத்தை எடுத்துவிட்டால் பாதிப் பணம் திருப்பித் தருவாராம். எடுக்கவில்லை.

இதே ஆசாமி ராபர்ட் இ. லீ படகுக்கும் "1866 ஒரிஜினல் பில்டர்ஸ் டிராயிங்" விற்கிறார். 1870ல் நாச்சஸ் படகோடு நடந்த பந்தயத்தால் புகழ்பெற்ற படகு அது. அந்தக் காலத்து மிசிசிப்பி படகுகளைப் பெரும்பாலும் கட்டுபவரின் அனுபவத்தையும் கண்ணையும் நம்பித்தான் கட்டினார்கள், விரிவான வரைபடம் போட்டுக் கட்டும் வழக்கம் குறைவு. புகைப்படங்களைப் பார்த்துப் பிற்காலத்தில் வரைந்தது என்று சொல்லி விற்றால் தாராளமாக வாங்கலாம். ஒரிஜினல் என்றால் எந்த ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது, அதன் எண் என்ன என்று கேளுங்கள், பதில் வராது.

வேவர்லிக்கும் அதையே கேளுங்கள். கூடவே, டிராயிங்கின் மூலையில் இருக்கும் தலைப்புக் கட்டத்தை மட்டும் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். கப்பல் கட்டிய தளத்தின் பெயர், கப்பலின் கட்டுமான எண், தேதி எல்லாம் அங்கே இருக்கும். எந்த வருடத்துக் கோலம் என்பதும் முக்கியம். 1957 வாக்கில் நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாறிய கப்பல், 1981, 2000, 2020 என்று பாய்லரும் மாறியிருக்கிறது, புகைபோக்கிகளும் பழையவை இல்லை. வருடம் போடாமல் "வேவர்லி பிளான்" என்று மட்டும் சொன்னால் அதற்கு அர்த்தமே இல்லை. அப்புறம் ஜெனரல் அரேஞ்ச்மென்ட் என்ற தாளை மட்டும் கொடுத்து முழு செட் என்பார்கள். அதில் அறைகளும் ஏணியும் படகுகளும் தெரியும், உடலின் வளைவு தெரியாது. உடல் கட்ட அந்த வளைவைக் காட்டும் லைன்ஸ் பிளான் வேண்டும்.

காசே இல்லாமல் நல்ல சரக்கு கிடைக்கும் இடங்கள் இருக்கின்றன. லண்டன் லாயிட்ஸ் ரெஜிஸ்டர் பவுண்டேஷனின் பாரம்பரிய மையம் ஏராளமான கப்பல் பிளான்களையும் சோதனை அறிக்கைகளையும் ஸ்கேன் செய்து இலவசமாக வைத்திருக்கிறது, கப்பல் பெயரைப் போட்டுத் தேடலாம். அமெரிக்கக் கப்பல் என்றால் லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் இருக்கும் ஹிஸ்டாரிக் அமெரிக்கன் இன்ஜினியரிங் ரெக்கார்ட் தொகுப்பைப் பாருங்கள், அளவெடுத்து வரைந்த தாள்களைப் பெரிய ஃபைலாகவே இறக்கிக்கொள்ளலாம். ஸ்மித்சோனியனில் 1930களில் அரசுத் திட்டமாக அளந்து வரைந்த வணிகக் கப்பல் படங்களின் நகல் விலைக்குக் கிடைக்கும். ஐராவதி ஆற்றில் ஓடிய பேடில் ஸ்டீமர்கள் மேல் ஆசை இருந்தால், அவற்றில் பலவற்றைக் கட்டிய டம்பார்ட்டன் டென்னி கம்பெனியின் பிளான் தொகுப்பு கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்திடம் இருக்கிறது. நகலுக்குக் காசு கேட்பார்கள், பதில் வர நாளாகும், ஆனால் எந்த டிராயிங், என்ன எண், எந்த அளவு என்று தெளிவாகச் சொல்லித்தான் காசு வாங்குவார்கள்.

என் புகாரைப் புகைபோக்கிப் படங்களோடு மறுபடி போட்டிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை. இதற்குள் அந்த விளம்பரம் புதுப் பெயரில், விலையையும் ஏற்றி மறுபடி வந்துவிட்டது. முகப்புப் படத்தை மாற்றக்கூட மெனக்கெடவில்லை, பாய்மரக்கம்பத்துக்குக் குறுக்கே போகும் மடிப்புக் கோட்டை வைத்து அடையாளம் தெரிந்தது. இதே ஃபைலை வாங்கியவர்கள் யாராவது இருந்தால் ரசீதின் ஸ்கிரீன்ஷாட்டை எனக்கு அனுப்புங்கள், புகாரோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.