வென்படமா, சூத்திரமா: மூன்று கணங்களின் கணக்கை எதைக் கொண்டு போடுவது?

ஒருவரே பல குழுக்களில் (கணங்களில்) இடம்பெறும் வாக்கியக் கணக்குகளைச் சூத்திரத்தாலும் போடலாம், அட்டவணையாலும் போடலாம், குழுவுக்கொரு வட்டமாக, பொதுவானவர்கள் வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதியில் வரும்படி, வென்படம் வரைந்தும் போடலாம். மூன்றையும் கையாண்டு பார்த்தபின் நான் வென்படத்தையே தேர்ந்தெடுத்தேன். இரண்டே குழுக்கள் என்றால் எந்த வழியும் போதும். ஆம், இல்லை என்று கட்டம் போட்ட அட்டவணையே அங்கு மிகத் தெளிவானது. மூன்றாவது குழு வந்தவுடன்தான் வேறுபாடு தெரியத் தொடங்குகிறது.

இசை கற்போர் 50 பேர், ஓவியம் 40, நடனம் 30 என்று கொள்வோம். இசையும் ஓவியமும் கற்போர் 18, ஓவியமும் நடனமும் 12, இசையும் நடனமும் 15, மூன்றையும் கற்போர் 7. தனித்தனி எண்ணிக்கைகளைக் கூட்டி, இரண்டிரண்டாகச் சேர்ந்தவற்றைக் கழித்து, மூன்றுக்கும் பொதுவானதைக் கூட்டினால், ஏதேனும் ஒன்றையாவது கற்போர் 82 பேர் என்று சூத்திரம் ஒரே வரியில் சொல்லிவிடும். இதில் வென்படம் அதனுடன் போட்டியிட முடியாது.

ஆனால் 'சரியாக இரண்டு கலைகளை மட்டும் கற்போர் எத்தனை பேர்' என்று கேட்டால், 18, 12, 15 ஆகிய ஒவ்வொன்றிலும் அந்த 7 பேர் ஒளிந்திருப்பதை நினைவில் வைத்து, மும்முறை கழித்தாக வேண்டும். படத்தில் நடுப்பகுதியில் 7 என்று முதலில் எழுதிவிட்டு வெளிநோக்கி வந்தால், அடுத்த பகுதிகளில் 11, 5, 8 தாமாகவே அமைகின்றன, விடை 24. 'மட்டும்' என்ற சொல் கேள்வியில் இருக்கிறதா இல்லையா என்பதை ஒவ்வொரு பகுதியை நிரப்பும்போதும் பார்த்தே ஆக வேண்டியிருப்பதால், அது கண்ணில் படாமல் போக வாய்ப்பே குறைவு.

என் தேர்வை முடிவு செய்த காரணம் இதைவிட ஆழமானது: முரண்பட்ட தரவைப் படம் காட்டிக்கொடுக்கிறது. மேற்கண்ட கணக்கில் நடனம் கற்போர் 30 என்பதற்குப் பதிலாக 17 என்று தவறாக அச்சாகிவிட்டால், சூத்திரம் எந்தத் தயக்கமும் இல்லாமல் 69 என்று விடை தரும். அந்த எண்ணைப் பார்த்து யாருக்கும் ஐயம் எழாது. வென்படத்திலோ நடனம் மட்டும் கற்போரின் இடத்தில் 17-இலிருந்து 5, 8, 7 ஆகியவற்றைக் கழிக்க வேண்டும்; வருவது −3. ஆட்களின் எண்ணிக்கை குறை எண்ணாக இருக்க முடியாது என்பதால், பிழை அந்த இடத்திலேயே பிடிபடுகிறது. விடையைச் சரிபார்க்கும் வேலையும் வழிமுறைக்குள்ளேயே அடங்கிவிடுவது, என் பார்வையில், ஒரு வரியில் விடை கிடைக்கும் வேகத்தைவிடப் பெரிது.

மொத்த எண்ணிக்கையைக் கொடுத்து, நடுவில் உள்ளதை மட்டும் கேட்கும் கணக்குகளில் நானும் சூத்திரத்தையே நாடுவேன். நான்கு குழுக்களில் எனக்குப் பழக்கம் குறைவு. அங்கே வெளிப்புறத்தையும் சேர்த்து 16 பகுதிகள் தேவை, நான்கு வட்டங்களோ அதிகபட்சம் 14 பகுதிகளையே தரும். இந்தப் படத்துக்குப் பெயர் தந்த ஜான் வென் அதற்கு நீள்வட்டங்களைப் பயன்படுத்தினார். அவற்றைக் கையால் பிசகாமல் வரைவது கடினமாக இருப்பதால், அந்த நிலையில் 16 கட்ட அட்டவணையே எளிது என்று தோன்றுகிறது.