டிராக் கார் மாதிரியில் ஸ்ட்ரெய்ட் ஆக்சில்: சில ஆண்டுகள் கழித்து ஒரு மதிப்பீடு

என் அலமாரியில் உள்ள 1/25 அளவு மாதிரிகளில் மூன்று, 1960களின் அமெரிக்க கேஸர் வகை டிராக் கார்கள், அதாவது நேர்கோட்டுக் குறுந்தூரப் பந்தயத்துக்காக மாற்றியமைத்த சாலைக் கார்கள். மூன்றும் முன்புறம் ஸ்ட்ரெய்ட் ஆக்சிலில், அதாவது இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே நேரான அச்சில், நிற்பவை. ஒன்றில் கிட்டுடன் (மாதிரி கட்டுவதற்கான பாகங்களின் பெட்டி) வந்த பிளாஸ்டிக் ஆக்சில் இருக்கிறது. இன்னொன்றில் ஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் கம்பியால் முழுக்க நானே செய்தது. மூன்றாவதான 1955 செவ்ரோலேயில் பித்தளைக் குழாயால் செய்தது. கட்டி முடித்த புதிதில் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது பெரிய வேறுபாடு எதுவும் தெரியவில்லை. இன்று பார்க்கும் எவருக்கும் எது எது என்று சொல்லாமலே விளங்கும்.

அசல் கார்களில் இந்த அமைப்பு ஏன் வந்தது என்பது தெரிந்தால், மாதிரியில் எதை எங்கே வைப்பது என்ற குழப்பம் பாதி தீரும். 1951-இல் தொடங்கிய நேஷனல் ஹாட் ராட் அசோசியேஷன் என்ற பந்தய அமைப்பின் கேஸ் பிரிவில் (கேஸர் என்ற பெயர் இதிலிருந்து வந்ததே), வண்டியின் எடைக்கும் எஞ்சினின் கொள்ளளவுக்கும் உள்ள விகிதத்தை வைத்துக் கார்களை வகுப்புகளாகப் பிரித்தார்கள். அன்றைய டயர்களுக்குப் பிடிப்பு போதாது என்பதால், கார் கிளம்பும் நொடியில் எடை பின் சக்கரங்களின் மேல் ஏறியாக வேண்டும். ஈர்ப்பு மையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு எடை பின்னால் ஏறும். ஆகவே செவ்ரோலேயுடன் ஆலையிலிருந்து வந்த காயில் (சுருள்) ஸ்பிரிங்கையும் சக்கரத்தைத் தாங்கும் கைகளையும் வெட்டி எறிந்துவிட்டு, பழைய ஃபோர்டு காரிலோ எகனோலைன் வேனிலோ இருந்து எடுத்த ஆக்சிலை இரண்டு லீஃப் ஸ்பிரிங்குகளுக்கு (பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங்) அடியில் கட்டினார்கள். மூக்கும் உயர்ந்தது, எடையும் குறைந்தது.

அந்த உயரத்துக்கும் ஓர் எல்லை இருந்தது. எஞ்சினின் முக்கியச் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் மையம் தரையிலிருந்து 24 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. 1/25 அளவில் ஓர் அங்குலம் 1.016 மில்லிமீட்டர் ஆகிறது. அதாவது அசல் காரின் அங்குல அளவை அப்படியே மில்லிமீட்டராக எடுத்துக்கொண்டால் கண்ணுக்குப் பிழை தெரியாது. இந்த வசதிக்காகவே இந்த அளவில் வேலை செய்வது எனக்குப் பிடிக்கும். மேசைப் பரப்பிலிருந்து கிராங்க் மையம் வரை 24.4 மி.மீ. என்று வெர்னியரில் பார்த்துவிட்டுத்தான் ஸ்பிரிங் தாங்கிகளை ஒட்டுகிறேன். வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் கேஸர் மாதிரிகள் ஏராளம். அவற்றில் பல அன்றைய தொழில்நுட்பச் சோதனையில் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டிருக்கும்.

பித்தளை ஆக்சிலுக்கு 3/32 அங்குலக் குழாயை எடுத்தேன். 2.4 மி.மீ. விட்டம் அசல் குழாய் ஆக்சிலின் தடிமனுக்கு மிக நெருக்கமாக வருகிறது. 1/16 அங்குலக் கம்பி இதனுள் இறுக்கமாக நுழையும் என்பதால் அதை உள்ளே செலுத்திக் கெட்டியாக்கிக்கொள்ளலாம். உண்மையான வேலை முனைகளில்தான் இருக்கிறது. ஒவ்வொரு முனையையும் உருண்டை அரத்தால் சேணம் போலக் குழிவாக அராவி, அந்தக் குழிவில் 1/16 அங்குலக் குழாயின் சிறு துண்டு ஒன்றைச் செங்குத்தாக, அதன் மேல்முனை சற்றே உட்பக்கம் சாயும்படி நிறுத்தி ஈயம் வைக்க வேண்டும். ஈயம் பிடிக்க உதவும் ஃப்ளக்ஸை ஊசி முனையால் தொட்டு வைத்தால், ஈயம் இணைப்பைச் சுற்றி மெல்லிய வளையமாக ஓடி நின்றுவிடும். அதிகம் வைத்தால் துளைக்குள் புகுந்து அடைத்துக்கொள்ளும். அந்தத் துண்டின் உள்துளையில் 0.8 மி.மீ. கம்பி கிங்பின்னாக, அதாவது சக்கரம் இடமும் வலமும் திரும்பும் செங்குத்துத் தண்டாக, சரியாக உட்காருகிறது. மெல்லிய பித்தளைத் தகட்டை 'ப' வடிவில் மடித்து, மேலும் கீழும் துளையிட்டு, சக்கரம் மாட்டும் அச்சை அதன் வெளிமுகத்தில் பற்றவைத்தால் சக்கரம் திரும்பவும் செய்யும்.

லீஃப் ஸ்பிரிங்கை முழுக்கப் பித்தளையில் செய்வது, என் கருத்தில், வீண் உழைப்பு. மேல் பட்டையை மட்டும் மெல்லிய பித்தளைத் தகட்டில் வெட்டி அதன் இரு முனைகளையும் கண்களாகச் சுருட்டிக்கொண்டு, அதன் கீழே 0.25 மி.மீ. தடிமனும் 2 மி.மீ. அகலமும் உள்ள ஸ்டைரீன் பட்டைகளை நீளம் குறையக் குறைய அடுக்கினால் போதும். கால் அங்குலத் தடிமனுள்ள பட்டை அடுக்கின் தோற்றம் அப்படியே கிடைக்கிறது. யூ போல்ட்டுகளுக்கு அரை மில்லிமீட்டர் கம்பி போதுமானது. ஆக்சிலுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையே நான்கு மில்லிமீட்டர் நீளத்தில் அரை மில்லிமீட்டர் உயரும் ஆப்பு ஒன்றை வைத்தால் ஏறத்தாழ ஏழு பாகை காஸ்டர் (கிங்பின்னின் பின்சாய்வு) வந்துவிடும். கார் நேர்கோட்டில் போவதற்காக அசல் கார்களிலும் கிங்பின்னின் தலையைப் பின்னால் சாய்த்தே வைத்தார்கள்.

இனி, ஆண்டுகள் என்ன செய்தன என்பதற்கு வருகிறேன். கிட்டுடன் வந்த பிளாஸ்டிக் ஆக்சில், வாகனத்தின் எடை ஸ்பிரிங்குகள் வழியாக உட்பக்கம் அழுத்த, சக்கரங்கள் வெளிப்பக்கம் மேல்நோக்கித் தாங்க, மெல்ல மெல்ல வளைந்துவிட்டது. முன்னிருந்து பார்த்தால் இரு சக்கரங்களின் தலைகளும் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. வெயில் காலத்தில் மூடிய கண்ணாடி அலமாரிக்குள் சேரும் சூடு இதை விரைவுபடுத்தியிருக்கும் என்றே நினைக்கிறேன். ஸ்டைரீன் ஆக்சில் இந்த அளவுக்கு வளையவில்லை. ஆனால் அதில் சூப்பர் க்ளூவால் ஒட்டிய கிங்பின் இணைப்பு, தூசி தட்டும்போது தூரிகை பக்கவாட்டில் பட்ட மாத்திரத்தில் விட்டுப்போனது. சூப்பர் க்ளூ இழுவிசையைத் தாங்கும் அளவுக்குப் பக்கவாட்டுத் தட்டலைத் தாங்காது. ஸ்டைரீனைக் கரைத்து ஒட்டும் திரவப் பசையில் செய்த இணைப்புகள் அதே மாதிரியில் இன்றும் உறுதியாக நிற்கின்றன. பித்தளை ஆக்சிலில் கேம்பர் (முன்னிருந்து பார்க்கையில் சக்கரத்தின் சாய்வு) கட்டிய நாளில் இருந்தபடியே இருக்கிறது. மேல் பட்டை உலோகம் என்பதால் ஸ்பிரிங்கின் வளைவும் தளரவில்லை. இரு முன் சக்கரங்களையும் சேர்த்துத் திருப்பும் டை ராடு ஒருமுறை வளைந்தது. சாமணத்தால் நிமிர்த்தியதோடு சரி.

எஞ்சின் இருக்கும் இடத்தை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுமாறு வலியுறுத்துவேன். எஞ்சினை வீல்பேஸில் (முன், பின் அச்சுகளின் இடைவெளி) பத்து விழுக்காடு வரை பின்னுக்குத் தள்ளக் கேஸ் பிரிவு அனுமதித்தது. செவ்ரோலேயின் 115 அங்குல வீல்பேஸ் மாதிரியில் 116.8 மி.மீ. என்பதால், இது சுமார் 11.7 மி.மீ. ஆகிறது. அந்த அளவு தள்ளினால் ஆக்சில் குழாய், எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான ஆயில் சம்ப்புக்கு முன்னால் தாராளமாகப் போய்விடும். எஞ்சின் பழைய இடத்திலேயே இருந்தால் இரண்டும் முட்டும். பிறகு சம்ப்பை அராவ வேண்டும், அல்லது காரை விதியை மீறி உயர்த்த வேண்டும்.

ஆக்சிலோடு நேரடித் தொடர்பு இல்லாவிட்டாலும் முன்பகுதியின் ஆயுளைத் தீர்மானிக்கும் இன்னொன்று டயர். மென்மையான வினைல் டயரில் உள்ள நெகிழ்ப்பொருள் காலப்போக்கில் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் ஸ்டைரீன் ரிம்மைக் கரைக்கிறது. கிட் ஆக்சில் உள்ள காரில் ஒரு ரிம் டயரோடு ஒட்டிக்கொண்டு வர மறுக்கிறது. செவ்ரோலேயில் ரிம்மைச் சுற்றி ஒட்டும் அலுமினியத் தகட்டின் மெல்லிய பட்டை ஒன்றைச் சுற்றிவிட்டு டயரை ஏற்றினேன். இதுவரை கரைந்த தடயம் இல்லை. கேஸர்களின் முன் டயர் ஒடுக்கமானது என்பதால் அந்தப் பட்டை வெளியே துளியும் தெரிவதில்லை.

பித்தளை வேலைக்கு நேரம் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிறது, சிறிய பற்றவைப்புக் கருவியும் வேண்டும். புகைப்படம் எடுத்துவிட்டுப் பெட்டியில் வைக்கப்போகும் காருக்கு ஸ்டைரீனே தாராளம்; கிங்பின்னை மட்டும் உலோகக் கம்பியாக்கி எப்பாக்ஸி வைத்து ஒட்டிவிடுங்கள். கிட் ஆக்சிலை வைத்துக்கொள்ள விரும்புவோர் அதன் பின்புறத்தில் ஒரு பள்ளம் கீறி, நீளம் முழுவதும் ஒரு மில்லிமீட்டர் எஃகுக் கம்பியைப் பதித்து மூடிவிடலாம். வளைந்துபோன என் காரில் அந்த வேலையைத்தான் அடுத்துச் செய்யவிருக்கிறேன்.