மூடியும் ஓடும் போட்டோஸ், மூடினால் நிற்கும் டிஜிகேம்

மேக் கணினியில் படங்களைச் சேர்த்துவைக்கும் ஆப்பிளின் போட்டோஸ் செயலியை மூடியாகிவிட்டது, ஆனால் ஃபேன் சத்தம் மட்டும் அடங்கவில்லை. கணினியில் என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் ஆக்டிவிட்டி மானிட்டரைத் திறந்து சிபியு பக்கம் பார்த்தால், ‘போட்டோஅனாலிசிஸ்டி’ என்று போட்டோஸுக்காகப் பின்னணியில் ஓடும் ஒன்று உச்சியில் உட்கார்ந்திருக்கும். படங்களில் முகங்களைப் பிரித்தறிவது அதன் வேலை. அதைச் செய்ய அது தேர்ந்தெடுப்பதே, நீங்கள் போட்டோஸை மூடிவிட்டு சார்ஜரைச் செருகியிருக்கும் நேரத்தைத்தான்! வலுக்கட்டாயமாக நிறுத்தினாலும் கொஞ்ச நேரத்தில் மறுபடி முளைத்துவிடும். புதிதாக ஆயிரக்கணக்கில் படங்களை ஏற்றியிருந்தால் நாள்கணக்கில்கூட இழுக்கும். இரவில் சார்ஜரில் போட்டு, ஸ்லீப் ஆகாமல் விட்டுவிடுங்கள், அதுபாட்டுக்கு முடித்துக்கொள்ளும்.

படங்களைச் சேர்த்துவைக்கும் இன்னொரு செயலியான டிஜிகேம் வேறு ரகம். இலவசம்; விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். முகம் தேடச் சொன்னால் தேடும், மூடினால் அதோடு சரி. ஆனால் தேடி முடியும்வரை அதைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். மெனுக்களும் அதிகம், முதல் நாள் தலை சுற்றும்.

ராம் 8 ஜிபிதான், அதில் வேறு வேலையும் ஓட வேண்டும் என்றால் நான் டிஜிகேம் பக்கம். ஐபோன், ஐகிளவுட் என்று பழகியவர்கள் சில நாள் ஃபேன் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டு போட்டோஸிலேயே இருக்கலாம்.