ஃபியூயல் பம்ப்: மோட்டார் மட்டுமா, முழு செட்டா, பழசா? ஓடும்போதே அணைந்த மூன்று கார்கள்

குமரி மாவட்டத்துச் சாலைகளில் கார் நிற்பதற்கு நல்ல இடம் என்று ஒன்று கிடையாது. தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவே நின்றால் இன்னும் மோசம். ஒரு பக்கம் ஓடை, மறுபக்கம் வீட்டு மதில், பின்னால் கேரளாவுக்குக் கல் ஏற்றிப் போகும் டிப்பர். போன ஆனி மாதச் சாரலில் என் கார் நின்றது அழகியமண்டபத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு ஏற்றத்தில். முதலில் திக்கியது. ஆக்சிலேட்டரை மிதித்தால் இழுக்கவில்லை. பிறகு டேஷ்போர்டில் எல்லா விளக்கும் ஒன்றாக எரிந்தன. இன்ஜின் சத்தம் மட்டும் இல்லை.

இன்ஜின் அணைந்தால் ஸ்டீயரிங் கல்லாகிவிடும். பிரேக்குக்குத் துணை செய்யும் வேக்குவம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் தாங்கும். அதனால் பம்ப் அடிப்பதுபோல் மிதிக்காமல், ஒரே அழுத்தாகப் பிடித்து, நியூட்ரலில் இடப்பக்கம் ஒதுங்க வேண்டும். சாவியை உருவக் கூடாது, ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். இதெல்லாம் எனக்கு அன்று ஞாபகம் வந்தது என்று சொன்னால் பொய். பின்னால் வந்த டிப்பர்க்காரர் அடித்த ஹாரனில்தான் கை தானாகத் திரும்பியது.

இருபது நிமிடம் கழித்து, டீ குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆனது. இதுதான் இந்த நோயின் கெட்ட குணம். ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் காட்டாது.

அதே மழைக்காலத்தில் எங்கள் வட்டத்தில் இன்னும் இரண்டு கார்கள் படுத்தன. ஒன்று மஸ்கட்டில் இருக்கும் மச்சானுடையது. வருடத்தில் பதினொரு மாதம் போர்வை போர்த்திப் போர்டிகோவில் தூங்கும் வண்டி. இன்னொன்று குலசேகரத்தில் இருக்கும் கல்லூரி நண்பனுடையது. ரப்பர் ஷீட்டும் வாழைக்குலையும் ஏற்றித் தேய்ந்த பழைய ஹேட்ச்பேக். மூன்றுக்கும் தீர்ப்பு ஒன்றே: டேங்குக்குள் இருந்து பெட்ரோலை இன்ஜினுக்குத் தள்ளும் ஃபியூயல் பம்ப். மூன்று பேரும் மூன்று வழியில் போனோம். நான் மோட்டாரை மட்டும் மாற்றினேன். மச்சான் கம்பெனி சர்வீஸில் முழு செட்டும் போட்டார். நண்பன் ஆக்கர் கடையில், அதாவது பழைய சாமான் கடையில், பழசு வாங்கினான். இப்போது ஒப்பிட்டுச் சொல்ல முடிகிறது.

முதலில், குற்றவாளி பம்ப்தானா?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் விலை விசாரிப்பது வீண் வேலை. சாவியை ‘ஆன்’ வரை திருப்பி நிறுத்துங்கள், ஸ்டார்ட் செய்ய வேண்டாம். பின் சீட்டில் காது வைத்தால் இரண்டு நொடி ‘ங்ங்’ என்று ஒரு முனகல் கேட்கும். பம்ப் குழாயில் அழுத்தம் ஏற்றும் சத்தம் அது. அந்த முனகலே இல்லையென்றால் ஃபியூஸ், ரிலே (மின்சாரத்தை விட்டு நிறுத்தும் சுவிட்ச்), கப்ளர் (ஒயர்களை இணைக்கும் பிளக்), பம்ப், இந்த நாலில் ஒன்று.

ரிலேவைச் சோதிக்கக் காசு வேண்டாம். பல கார்களில் ஹாரன் ரிலேயும் பம்ப் ரிலேயும் ஒரே நம்பராக இருக்கும். இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். இப்போது பம்ப் முனகி, ஹாரன் ஊமையானால் சில நூறு ரூபாயில் கதை முடிந்தது. அப்புறம் கப்ளர். குளச்சல், முட்டம் பக்கம் கடற்காற்றில் நிற்கும் வண்டிகளில் எர்த் ஒயர் பச்சை பூத்துக் கிடப்பது சகஜம். பம்புக்குப் போய்ச் சேர வேண்டிய 12 வோல்ட்டில் ரெண்டு வோல்ட் வழியிலேயே தொலைந்தால், நல்ல பம்ப்கூட நோயாளி மாதிரிதான் நடக்கும். என் வண்டியில் கப்ளரின் ஒரு பின் கருகி, சுற்றியிருந்த பிளாஸ்டிக் உருகியிருந்தது. அதை அப்படியே விட்டுப் புது மோட்டார் போட்டிருந்தால் அதுவும் சீக்கிரம் போயிருக்கும்.

இன்னொரு ஆள்மாறாட்டக்காரன், இன்ஜின் சுழல்வதைக் கவனிக்கும் கிராங்க் சென்சார். அதுவும் சூடானால் அணைத்து, ஆறினால் எழுப்பிவிடும். அச்சு அசல் பம்ப் மாதிரியே. வித்தியாசம் காண ஒரு வழி: செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். லேசாகத் துடித்தால் சென்சார் பெரும்பாலும் உயிரோடு இருக்கிறது. செத்துக் கிடந்தால் சந்தேகத்தை அந்தப் பக்கம் திருப்பலாம்.

கடைசிச் சாட்சி பிரஷர் கேஜ். சாதாரண பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் கார்களில் பெரும்பாலும் 3 பார் சுமாருக்கு அழுத்தம் இருக்கும், சிலவற்றில் 4 வரை. வண்டி சும்மா நிற்கும்போது என் கேஜ் 3 காட்டியது. ஆக்சிலேட்டரை மிதித்துப் பிடித்ததும் முள் நழுவி 2க்குக் கீழே வந்தது. ஏற்றத்தில் திக்கியதற்கான காரணத்தை அந்த முள்ளில் கண்ணால் பார்த்தேன். கேஜ் மாட்டாமல் “மோட்டார் போயாச்சு” என்று சொல்லும் மெக்கானிக்கிடம் நான் வண்டியை விடமாட்டேன், அவர் எவ்வளவு பெரிய கைராசிக்காரராக இருந்தாலும்.

நான் போன வழி: மோட்டார் மட்டும்

பின் சீட்டைத் தூக்கினால் தரையில் ஒரு வட்ட மூடி. அதைத் திறக்கும் முன் மெக்கானிக் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு இன்ஜினை ஓடவிட்டார். குழாயில் மிச்சமிருந்த பெட்ரோலைக் குடித்துவிட்டு அதுவே அணைந்தது. பிறகு பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றினார். லாக் ரிங்கை இரும்பு ஸ்க்ரூடிரைவரால் தட்டாமல் ஒரு மரக்கட்டை வைத்துத் தட்டினார். பெட்ரோல் ஆவிக்கு ஒரு பொறி போதும். பம்ப் வெளியே வந்ததும் அடியில் இருந்த வலை ஃபில்டரைக் காட்டினார். வெள்ளையாக இருக்க வேண்டியது, மீன்குழம்புச் சட்டியின் அடி மாதிரி கரிய வண்டலோடு இருந்தது.

“மோட்டார் மட்டும் மாத்தினாப் போதும் அண்ணே. ஆனா உள்ளே பெரிய ஃபில்டர் ஒண்ணு இருக்கு பாத்துக்கிடுங்க, அதை விட்டா புதுசும் மூச்சுமுட்டித்தான் சாவும்” என்றார்.

இந்த வழியின் பலமும் ஓட்டையும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கின்றன. பம்ப் செட் என்பது மோட்டார், வலை, உள் ஃபில்டர், பிரஷர் ரெகுலேட்டர், பெட்ரோல் அளவு காட்டும் மிதவை எல்லாம் சேர்ந்த ஒரு குடும்பம். மோட்டாரை மட்டும் மாற்றினால் மற்ற நான்கும் பழசு. ஃபில்டரைத் தனியாகக் கழற்ற வரும் வண்டிகளில் இது பிரச்சினையே இல்லை. சில கார்களில் ஃபில்டரும் கூடும் ஒன்றாக ஒட்டியே வரும். அங்கே இந்த வழி பாதி வழிதான்.

என் கணக்கு: மோட்டார் 1,900, வலையும் உள் ஃபில்டரும் 1,150, ரப்பர் கேஸ்கெட் 180, கூலி 800. கேஸ்கெட்டை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். பெட்ரோலில் ஊறிய பழைய ரப்பர் வெளியே வந்ததும் உப்பி, திரும்ப அந்தப் பள்ளத்தில் உட்காரவே உட்காராது. டேங்கை நிரப்பிய அன்று பின் சீட்டில் பெட்ரோல் வாடை வந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான். மோட்டார் வாங்கும்போதும் கவனம் வேண்டும். பெயர்பெற்ற பிராண்டின் பெட்டிக்குள் டூப்ளிகேட் வைத்து விற்பது இந்தத் தொழிலில் பழைய வித்தை. பழைய மோட்டாரைக் கையோடு கொண்டுபோய் எடை, பின், நீளம் மூன்றையும் ஒத்துப் பார்த்து வாங்கினேன்.

மச்சானின் வழி: முழு செட்

மச்சான் வண்டியின் நோய் வேறு. பதினொரு மாதம் பாதி டேங்கோடு நின்றது. இப்போது பங்கில் வருவது எத்தனால் கலந்த பெட்ரோல். 20 சதவீதக் கலப்புக்கு 2030 என்று வைத்த இலக்கை 2025–26க்கு முன்னிழுத்தார்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்யும் ஊரில், பாதி காலியாக நிற்கும் டேங்குக்குள் காற்றோடு ஈரமும்தான் இருக்கும். எத்தனாலைக் குறை சொல்லித் தப்பிக்க நான் வரவில்லை. ஓடும் வண்டியில் வாராவாரம் புதுப் பெட்ரோல் வருவதால் அது பெரிதாகத் தெரியாது. தூங்கும் வண்டியில்தான் தெரியும். டேங்கைத் திறந்தபோது பெட்ரோல் வாடையே இல்லை, வார்னிஷ் வாடை. மிதவையின் கம்பியில் துரு, ரெகுலேட்டரில் துரு. அங்கே மோட்டாரை மட்டும் மாற்றுவது பல்லெல்லாம் ஆடும் வாயில் ஒரு பல் கட்டுவதற்குச் சமம். டேங்கை இறக்கிக் கழுவி, முழு செட் போட்டார்கள். கூலியோடு 11,400.

பணம் கட்டுவதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு வேலையை அவர் செய்யவில்லை. நான் போனில் கேட்டதும்தான் செய்தார். பம்பே பிறவிக் கோளாறாக வந்து, கம்பெனியே திரும்ப அழைத்த கார்கள் நிறைய உண்டு. 2020 ஜூலையில் மாருதி வேகன் ஆர், பலேனோ இரண்டிலுமாக 1,34,885 கார்களை இதே காரணத்துக்காக அழைத்தது. அதற்கு முந்தைய மாதம் ஹோண்டா 65,651 கார்களை; 2024 அக்டோபரில் மறுபடியும் 90,468. ஹோண்டா சொன்ன காரணம், பம்புக்குள் பெட்ரோலைத் தள்ளும் சின்னச் சக்கரத்தில் குறை, நாளடைவில் இன்ஜின் அணையலாம் என்பது. இப்படி அழைக்கப்பட்ட வண்டிக்குப் பம்ப் இலவசம். கம்பெனி வெப்சைட்டில் 17 இலக்கச் சேசிஸ் நம்பரை அடித்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும், அழைப்புக் கடிதம் பழைய முதலாளி வீட்டுக்குப் போயிருக்கும். மச்சானின் வண்டி அந்தப் பட்டியலில் இல்லை. சரி, பார்த்துவிட்டுக் கட்டினார்.

நண்பனின் வழி: பழசு

1,500 ரூபாய். முழு செட். பார்க்கப் பளபளவென்று இருந்தது, அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. பெட்ரோலில் மூழ்கி இருக்க வேண்டிய சாமான் அது. பெட்ரோல்தான் மோட்டாருக்குக் குளிர்ச்சியும் மசகும். மாதக்கணக்கில் அலமாரியில் காய்ந்து கிடந்தால் உள்ளே துரு பிடிக்கும், வெளியே எவ்வளவு துடைத்தாலும். விபத்தில் அடிபட்ட வண்டியிலிருந்து கழற்றியதா, வெள்ளத்தில் மூழ்கிய வண்டியிலிருந்தா என்று விற்பவரிடம் கேட்டால் “ஓடுன வண்டி சாரே” என்ற ஒரே பதில்தான்.

நாற்பது நாள் ஓடியது. பேச்சிப்பாறை போய்த் திரும்பும் வழியில் நின்றது. பழையபடி காரின் அடியில் படுத்து டேங்கைச் செருப்பால் நாலு தட்டு தட்டி, மனைவியைச் செல்ஃப் அடிக்கச் சொல்லி, கிளப்பி வந்தான். சிக்கிக்கொண்ட மோட்டார் அந்தத் தட்டில் சில சமயம் விழித்துக்கொள்ளும். வீடு சேரும்வரை உதவும் வித்தை அது, வைத்தியமாகாது. இன்னொரு விஷயம், அவன் எப்போதும் முந்நூறு ரூபாய்க்குத்தான் பெட்ரோல் போடுவான். முள் சிவப்பிலேயே கிடந்தால் மோட்டார் பாதி வெளியே நின்று சூட்டில் வேகும். புதுசாகவே இருந்தாலும் அந்தப் பழக்கம் அதைத் தின்றுவிடும்.

பழைய கதவு, பழைய கண்ணாடி, பழைய ரேடியேட்டர்கூட நான் வாங்குவேன். ஓட்டத்தில் அணைக்கக்கூடிய சாமானைப் பழசாக வாங்கமாட்டேன்.

யாருக்கு எது

உள் ஃபில்டர் தனியாகக் கிடைக்கிறது, டேங்கில் துரு இல்லை, பெட்ரோல் முள் சரியாகக் காட்டுகிறது, மெக்கானிக்கிடம் கேஜ் இருக்கிறது. இந்த நான்கும் இருந்தால் மோட்டார் மட்டும் போதும். மூன்றில் ஒரு பங்கு செலவில் வேலை முடியும். ஒன்று குறைந்தாலும் முழு செட். வாரம் இரண்டு முறை திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிக்கோ ஏர்போர்ட்டுக்கோ ஓடும் வண்டி என்றாலும் யோசிக்காமல் முழு செட். நள்ளிரவில் களியக்காவிளையில் நிற்பதற்கு அந்த வித்தியாசத் தொகை பெரிதில்லை. நின்றேவிட்டால், தேசிய நெடுஞ்சாலையில் 1033க்கு அடிக்கலாம்; இன்சூரன்ஸில் ரோட்சைடு அசிஸ்டன்ஸ் எடுத்திருந்தால் அதுவும் இருக்கிறது.

டீசல்காரர்களுக்கு இந்த அலசல் பாதிதான் பொருந்தும். அவர்கள் முதலில் பார்க்க வேண்டியது ஃபில்டரின் அடியில் தேங்கும் தண்ணீரையும், குழாயில் புகும் காற்றையும். பழைய கார்புரேட்டர் பைக் வைத்திருப்பவர்களுக்கு ஒரே ஒரு சோதனை: வண்டி நின்றதும் டேங்க் மூடியைத் திறங்கள். ‘ஸ்ஸ்’ என்று காற்று உள்ளே போனால் மூடியின் துளை அடைத்திருக்கிறது. ஒரு குண்டூசி போதும்.

நண்பன் இரண்டாவது பம்பும் வாங்கினான், இந்த முறை புது மோட்டார். மச்சான் டிசம்பரில் வருகிறார். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அவர் வண்டியைச் சுங்கான்கடை வரை ஓட்டிவிட்டு வருவது இப்போது என் வேலை. பெட்ரோல் காசை மட்டும் இன்னும் அனுப்பவில்லை.