9900 எம்ஏஎச் என்று எழுதியிருந்த பேட்டரி

சிகரெட்டை விட்டு வேப்புக்கு, அதாவது ஜூஸ் என்கிற திரவத்தைக் காயில் என்கிற சூடேற்றும் கம்பியால் ஆவியாக்கி இழுக்கும் மின்-சிகரெட்டுக்கு, மாறி எட்டு வருடம் ஆகிறது. எந்த ஜூஸ், எந்த காயில் என்பதெல்லாம் அவரவர் ருசி, அதற்குள் நான் போகவில்லை. கழற்றி மாட்டுகிற 18650 பேட்டரிகளோடு பட்ட பாட்டை மட்டும் எழுதுகிறேன். 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம், கடைசிச் சுழியம் உருளை வடிவத்துக்கு. எவ்வளவு கரண்ட் தாங்கும் என்பதை மட்டும் அந்தப் பெயர் சொல்லாது.

லண்டனில் இருந்துகொண்டு, பக்கத்திலேயே நல்ல கடை இருக்க, முதல் ஜோடியை ஆன்லைனில் மலிவாக வாங்கினேன். மேலே பெரிய எழுத்தில் 9900 எம்ஏஎச், அதாவது எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்கிற அளவு. ஒரு வாரத்துக்கு சார்ஜ் பக்கமே போக வேண்டாம் என்று நினைத்தேன். பத்து இழுப்பு கூட ஆகவில்லை, திரையில் பேட்டரி பலவீனம் என்று வந்தது, கருவியும் கையில் சுட்டது. சந்தேகப்பட்டு மசாலா நிறுக்கும் தராசில் வைத்தேன். 32 கிராம். நல்ல 18650 ஒன்று 45 கிராம் அளவில் இருக்கும். அப்போது நல்ல கம்பெனிகள் இந்த அளவில் கொடுத்த அதிகபட்சமே 3500 எம்ஏஎச்தான். 9900 என்பது அச்சடித்தவரின் ஆசை.

எம்ஏஎச் என்பது மாடித் தொட்டி. ஆம்பியர் என்பது அதிலிருந்து இறங்கும் குழாய். டார்ச் லைட்டுக்கு மெல்லிய குழாய் போதும். வேப் அப்படியல்ல, நாலைந்து வினாடிக்குள் குடம் நிறையக் கேட்கும். ஒரே அளவுள்ள டப்பாவில் தொட்டியைப் பெரிதாக்கினால் பெரும்பாலும் குழாய் சிறுத்துவிடும். சாம்சங் 35இ 3500 எம்ஏஎச், ஆனால் தொடர்ந்து 8 ஆம்பியர்தான் தரும். அதே சாம்சங்கின் 25ஆர் 2500 எம்ஏஎச், 20 ஆம்பியர் தரும். வேப்புக்கு இரண்டாவதுதான். அட்டையில் பல்ஸ் என்று போட்டு 35, 40 என்று எழுதியிருப்பார்கள். அது ஒரு கணத்துக்குத் தாங்கும் கணக்கு. தொடர்ந்து தரும் ஆம்பியர் எவ்வளவு என்று மட்டும் பாருங்கள்.

நமக்கு எத்தனை ஆம்பியர் வேண்டும்? வாட் அளவு வைத்துப் பயன்படுத்தும் கருவியில் காயிலின் ஓம் பற்றிக் கவலை வேண்டாம். வாட்டை பேட்டரியின் மிகக் குறைந்த வோல்ட்டால் வகுங்கள். நான் 80 வாட்டில் இரண்டு செல் போடுகிறேன். ஆளுக்கு 40 வாட், வகுத்தல் 3.2 வோல்ட், 12.5 ஆம்பியர். கருவிக்குள் வீணாவதையும் சேர்த்தால் 14. அதே 80 வாட்டை ஒற்றை செல்லில் இழுத்தால் 25-ஐத் தாண்டும். சார்ஜ் இறங்க இறங்க செல் தரவேண்டிய கரண்ட் கூடுகிறது, குறைவதில்லை. இது எனக்கே ரொம்ப நாள் புரியவில்லை. உள்ளே சர்க்யூட்டே இல்லாத, மெக்கானிக்கல் மாட் என்கிற வகைக் கருவி என்றால் கணக்கு வேறு: முழு சார்ஜில் 4.2 வோல்ட், 0.15 ஓம் காயில், 28 ஆம்பியர். தடுத்து நிறுத்த ஆள் கிடையாது. நண்பர் ஒருவர் அதை வைத்திருந்தார். நான் தொடவே இல்லை.

25ஆர் ஜோடி இரண்டு வருடம் குறையில்லாமல் உழைத்தது. அப்புறம் சோனி விடிசி5ஏ: 2600 எம்ஏஎச், 25 ஆம்பியர். இதுதான் எனக்குப் பிடித்தது, சூடே தெரியாது. சோனியின் பேட்டரித் தொழில் 2017-இல் முராட்டாவுக்குப் போய்விட்டதால் இப்போது அந்தப் பெயரில் வரும். இப்போது கையில் இருப்பது மோலிசெல் பி28ஏ, 2800 எம்ஏஎச். கம்பெனி 35 ஆம்பியர் என்கிறது, நான் பாதியைக் கூடத் தொடுவதில்லை.

ஜோடியை மட்டும் பிரிக்காதீர்கள். ஒன்றாக வாங்கி, ஒன்றாக மாட்டி, ஒன்றாக சார்ஜ் ஏற்ற வேண்டும். பழசும் புதுசும் சேர்ந்தால் பலவீனமானது முதலில் காலியாகி, மற்றதன் இழுப்பில் அடிபடும். நான் மார்க்கரில் அ, ஆ என்று எழுதிவைத்திருக்கிறேன்.

இதையெல்லாம் கவனித்தும் மாட்டிக்கொண்டது மேலுறையில். செல்லின் உடம்பு முழுக்க மைனஸ். நடுவில் இருக்கும் குமிழ் மட்டும்தான் பிளஸ். விளிம்பையும் குமிழையும் பிரிப்பது ஒரு சின்ன வளையமும் அந்த மெல்லிய பிளாஸ்டிக் உறையும்தான். உறையில் நகக்கண் அளவு கிழிசல் இருந்ததைப் பார்த்தும், சாயங்காலம் மாற்றிக்கொள்ளலாம் என்று கோட் பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறினேன். அதே பையில் சாவிக்கொத்து. இரண்டு ஸ்டேஷன் தாண்டியதும் இடுப்பில் இட்லிப் பானையை வைத்தது போல ஒரு சூடு. அவசரமாகக் கோட்டையே கழற்றிச் சாவியைப் பிரித்தெடுத்தேன். இன்னும் ஒரு நிமிடம் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கப் பிடிக்கவில்லை.

அன்றே பிளாஸ்டிக் பெட்டி வாங்கினேன், இரண்டு பவுண்டு கூட இல்லை. மேலுறையும் தனியாகக் கிடைக்கிறது, மாட்டி மனைவியின் ஹேர் டிரையரைக் காட்டினால் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். தகரத்திலேயே நசுங்கல் விழுந்திருந்தால் உறை மாற்றிப் பயனில்லை, தூக்கிப் போட வேண்டியதுதான்.

சென்னை போகும்போது வேப் வருவதில்லை, 2019 முதல் இந்தியாவில் அதற்குத் தடை. அந்த 25ஆர் ஜோடி மட்டும் புது உறையில், கைப்பையில் வந்தது. வேப்புக்குத் தளர்ந்த செல் டார்ச்சுக்குத் தாராளம். அம்மா இப்போது கரண்ட் போனால் அதைத்தான் தேடுகிறார். அந்த 9900 ஜோடியின் இரண்டு முனைகளிலும் டேப் ஒட்டி, சூப்பர் மார்க்கெட் வாசலில் இருக்கும் பழைய பேட்டரித் தொட்டியில் எப்போதோ போட்டுவிட்டேன்.